பின்னால் அடிக்கச் சொல்லும் கணக்கு

தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாகாணத்தில் ஹாங்லிப் என்றொரு மலை இருக்கிறது. அதன் ஒரு பக்கம் செங்குத்துப் பாறை. உச்சியில், விளிம்பை ஒட்டி, சின்னதாக ஒரு புல்மேடை. ஹெலிகாப்டரில் கொண்டுபோய் இறக்குவார்கள். இறங்குகிறவர் கையில் கோல்ஃப் மட்டை இருக்கும். பந்தை வைத்து முதல் அடி அடிக்கும் இந்த இடத்துக்கு கோல்ஃபில் 'டீ' என்று பெயர். நம் டீக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பந்து போய்ச் சேர வேண்டிய 'கிரீன்', அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை, அடிவாரத்தில் ஆப்பிரிக்கக் கண்டத்தின் வடிவத்திலேயே வெட்டப்பட்டிருக்கிறது. லெஜண்ட் கோல்ஃப் அண்டு சஃபாரி ரிசார்ட்டின் புகழ்பெற்ற 'எக்ஸ்ட்ரீம் 19' இதுதான். கோல்ஃப் மைதானம் என்றால் 18 குழி. இது உபரியாக வந்த பத்தொன்பதாவது.

இரண்டே எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டீயிலிருந்து கிரீனுக்குக் கிடைமட்டத் தூரம் 361 மீட்டர். உயர வித்தியாசம் ஏறத்தாழ 430 மீட்டர். முன்னால் போவதைவிடக் கீழே போவது அதிகம்.

கோல்ஃப் ஆடுகிறவர்களிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு. கிரீன் எத்தனை மீட்டர் தாழ்ந்திருக்கிறதோ, தூரத்தில் அத்தனை மீட்டரைக் கழித்துவிட்டு, மிச்சத் தூரத்துக்கு அடி. மேடாக இருந்தால் கூட்டிக்கொள். பல தலைமுறையாகப் புழங்கும் வாய்ப்பாடு. சாதாரண மைதானங்களில் நன்றாகவே பலிக்கும். அதை ஹாங்லிப் உச்சிக்குக் கொண்டுபோவோம். 361இலிருந்து 430ஐக் கழித்தால் மைனஸ் 69. அதாவது கிரீனுக்கு முதுகைக் காட்டி நின்று, எதிர்த்திசையில் 69 மீட்டர் அடிக்க வேண்டும்!

அப்படி யாரும் அடிப்பதில்லை. ஊரெல்லாம் பலிக்கிற கணக்கு இங்கே மட்டும் ஏன் பைத்தியக்காரத்தனமான விடையைத் தருகிறது?

இந்த வாய்ப்பாட்டை நான் முதலில் கேட்டது கொடைக்கானலில். 1895இல் தொடங்கிய கிளப் அது. மைதானம் முழுக்க ஏற்ற இறக்கம்தான், சில நாள் காட்டுமாடுகளும் மேயும். நண்பர் ஒருவர் ஆட, நான் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். கீழே தெரிந்த கிரீன் மூன்று மாடி உயரம் தாழ்ந்திருக்கும். நண்பர் பையிலிருந்து ஏழாம் நம்பர் மட்டையை உருவினார். மட்டைகளைத் தூக்கி வந்த கேடி, வயதானவர், மெதுவாகச் சொன்னார்: "ஏழு வேணாம் சார், எட்டு எடுங்க. எறக்கம் இழுத்துட்டுப் போயிரும்."

மட்டையின் எண் கூடக் கூட முகம் அதிகம் சாய்ந்திருக்கும். பந்து கூடுதலாக எழும்பி, கிட்டத்தில் விழும். ஒரு எண் கூட்டினால் சுமார் பத்து மீட்டர் குறையும். மூன்று மாடி என்பதும் சுமார் பத்து மீட்டர். பெரியவரின் கணக்கு கச்சிதம்.

அந்தக் கணக்கின் அடியில் என்ன இருக்கிறது? பந்து இறங்கி வரும் கடைசிக் கட்டத்தை மட்டும் பாருங்கள். சுவரில் சாய்த்து வைத்த ஏணி மாதிரி ஒரு சரிவில் அது தரைக்கு வருகிறது. தரையைப் பத்து மீட்டர் தாழ்த்திவிட்டால் ஏணியை அதே சாய்வில் கீழே நீட்ட வேண்டும். ஏணியின் கால் முன்னால் நகரும். எவ்வளவு நகரும் என்பது சாய்வைப் பொறுத்தது. 45 பாகையில் சாய்ந்திருந்தால் பத்து மீட்டர் இறக்கத்துக்குப் பத்து மீட்டர் முன்னால். படுத்தாற்போல் இருந்தால் அதற்கும் மேல். நிமிர்ந்து நின்றால் குறைவு. ஆகவே கேடியின் வாய்ப்பாடு உண்மையில் உயரத்தைப் பற்றியதே அல்ல. பந்து தரையைத் தொடும் கோணம், இறங்குகோணம் என்று வைத்துக்கொள்வோம், கிட்டத்தட்ட 45 பாகை என்பதைத்தான் அது வேறு வார்த்தையில் சொல்கிறது.

நிஜத்தில் அப்படியா இருக்கிறது? இன்று இதை ஊகிக்க வேண்டியதில்லை. பறக்கும் பந்தை டாப்ளர் ரேடாரால் தொடரும் கருவிகள் வந்துவிட்டன. காவல்துறை சாலையில் நம் வண்டியின் வேகத்தைப் பிடிக்கும் அதே தத்துவம். டென்மார்க்கின் டிராக்மேன் நிறுவனம் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் அடிகளை ஆயிரக்கணக்கில் அளந்து சராசரிகளை வெளியிட்டது. மிக நீளமாக அடிக்கும் 'டிரைவர்' மட்டையில் இறங்குகோணம் சுமார் 38 பாகை. ஏழாம் நம்பரில் 50. கிட்டத்துக்கு அடிக்கும் 'பிட்சிங் வெட்ஜ்' மட்டையில் 52. ஆக 45 என்பது நடுவாந்தரமான சமரசம். இருபது மீட்டர் தாழ்ந்த கிரீனுக்கு டிரைவரால் அடித்தால் ஏறத்தாழ 25 மீட்டர் கூடக் கிடைக்கும். வெட்ஜால் அடித்தால் 16தான்.

அதே அட்டவணையில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வேறொன்று இருந்தது. டிரைவரில் பந்து தரையிலிருந்து எழும் கோணம் வெறும் 11 பாகை. எழுவது 11இல், விழுவது 38இல். பள்ளிப் பாடத்தில் படித்த எறிபொருள் அப்படிச் செய்யாது. அது ஏறிய மாதிரியேதான் இறங்கும். அழகான, இரு பக்கமும் ஒத்த பரவளையம். அந்தப் பாடத்தில் காற்று கிடையாது. இங்கே உண்டு.

காற்று இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டிரைவரிலிருந்து பந்து கிளம்பும் வேகம் நொடிக்குச் சுமார் 75 மீட்டர். 11 பாகையில், காற்றே இல்லாத வெளியில், நம் பூமியின் ஈர்ப்பில் அது 210 மீட்டர் போய் விழும். பத்து மீட்டர் உயரம்கூடச் சரியாகத் தாண்டாது. ரேடார் காட்டும் நிஜம்: 250 மீட்டர் தூரம், 30 மீட்டர் உயரம். காற்றுத் தடுக்கும் என்றுதானே நினைப்போம்? இங்கே அது பந்தைத் தூக்கிக் கொண்டுபோய் 40 மீட்டர் தள்ளி இறக்குகிறது.

தூக்குவது சுழற்சி. சாய்ந்த முகம் பந்தில் படும்போது பந்தின் மேற்புறம் ஆட்டக்காரரை நோக்கிச் சுழலும்படி உருட்டிவிடுகிறது. இது பின்சுழற்சி, டிரைவரில்கூட நிமிடத்துக்கு 2,700 சுற்று, ஏழாம் நம்பரில் 7,000. சுழலும் பந்து தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் கொஞ்சம் இழுத்துச் சுற்றுகிறது. அதனால் பின்னால் விடுபடும் காற்று நேராகப் போகாமல் கீழ்நோக்கித் திரும்புகிறது. காற்றைப் பந்து கீழே தள்ளினால், காற்று பந்தை மேலே தள்ளும். படகோட்டி துடுப்பால் தண்ணீரைப் பின்னால் தள்ள, படகு முன்னால் போகிற கதைதான். 1852இல் இதைச் சோதனையில் காட்டிய ஜெர்மானியரின் பெயரால் மாக்னஸ் விளைவு என்கிறோம். நியூட்டன் அவருக்கு முன்பே டென்னிஸ் பந்து வளைவதைக் கவனித்து எழுதியிருக்கிறார்.

கோல்ஃபில் இதைக் கண்டுபிடித்தவர் எடின்பரோ பல்கலைக்கழகத்து இயற்பியலாளர் பீட்டர் கத்ரி டெயிட். அவர் மகன் ஃபிரெடி 1896லும் 1898லும் பிரிட்டிஷ் அமெச்சூர் சாம்பியன். வீட்டிலேயே ஆய்வுப் பொருள்! சுழற்சி என்பது தப்பாக அடித்ததன் விளைவு, அது பந்தைக் கெடுக்கும் என்று அன்றைக்கு ஆட்டக்காரர்கள் நம்பினார்கள். டெயிட் செய்த சோதனையில் இன்றைய ரேடாரும் இல்லை, கேமராவும் இல்லை. பந்தில் மெல்லிய நாடா ஒன்றின் நுனியை ஒட்டினார், மறுநுனியைக் கட்டிவைத்தார், எதிரே களிமண். அடித்த பந்து களிமண்ணில் போய்ப் புதைந்ததும் நாடாவில் எத்தனை முறுக்கு விழுந்திருக்கிறது என்று எண்ணினார். பந்து சுழல்கிறது, அதுவும் பின்பக்கமாக, அதனால்தான் இவ்வளவு நேரம் வானத்தில் நிற்கிறது என்று 1890களில் நிறுவினார். தகப்பனார் இன்ன தூரத்துக்கு மேல் பந்து போகாது என்று கணக்கிட, மகன் மறுநாளே அதைத் தாண்டி அடித்தான் என்று ஒரு கதை சுற்றிக்கொண்டிருக்கிறது. கதை நன்றாக இருக்கிறது, நம்பத்தான் முடியவில்லை. ஃபிரெடி 1900இல் போயர் போரில், இதே தென்னாப்பிரிக்க மண்ணில் இறந்தார். அடுத்த ஆண்டு தந்தையும் போய்ச் சேர்ந்தார்.

பந்தின் குழிகளையும் சொல்லிவிட வேண்டும். வழவழப்பான பந்தைவிட அடிபட்டுத் தழும்பேறிய பழைய பந்து தூரம் போவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆட்டக்காரர்களே பார்த்துவிட்டார்கள். பந்தின் மேல் ஒட்டிக்கொண்டு ஓடும் மெல்லிய காற்றுப் போர்வைக்கு எல்லைப் படலம் என்று பெயர். குழிகள் அந்தப் படலத்தைக் கலக்கிவிடுகின்றன. கலங்கிய படலம் பந்தின் முதுகுப்பக்கம்வரை ஒட்டிக்கொண்டே போகிறது, பின்னால் உண்டாகும் வெற்றிடம் போன்ற சுழல் சிறுத்துப்போகிறது, தடை பாதியாகிறது.

சரி, ஹாங்லிப் உச்சிக்குத் திரும்புவோம்.

மொட்டைமாடியில் நின்று ரப்பர் டியூபில் தண்ணீர் பீய்ச்சியிருப்பீர்கள். டியூபின் வாயைக் கட்டைவிரலால் பாதி அழுத்தி, கிடைமட்டமாகப் பிடித்தால் தண்ணீர் சீறிக்கொண்டு முன்னால் போகும், வளையும், பிறகு நேராகக் கீழே கொட்டும். முதல் மாடியிலிருந்து பீய்ச்சினால் வாசல் தென்னையின் தூரில் விழுகிறது என்று வையுங்கள். அதே வேகத்தில் மூன்றாம் மாடியிலிருந்து பீய்ச்சினால் தெருவின் அந்தப்பக்கம் போய்விடுமா? போகாது. தென்னையைத் தாண்டிக் கொஞ்சதூரம், அவ்வளவுதான். ஏனென்றால் முன்னோக்கிய வேகத்தையெல்லாம் காற்று மென்று தின்றுவிடுகிறது; மிச்சமிருப்பது கீழ்நோக்கிய வேகம். அதைப் புவியீர்ப்பு விடாமல் ஊட்டிக்கொண்டே இருக்கிறது.

பந்துக்கும் அதே கதிதான். டீயின் மட்டத்துக்கு இறங்கி வரும்போது 38 பாகையில் இருக்கிறது. அடுத்த சில நொடிகளில் 50, 60, 70 என்று நிமிர்ந்துகொண்டே போகும். ஏணி போகப்போகச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய ஏணியை எவ்வளவு நீட்டினாலும் கால் முன்னால் நகராது. வாய்ப்பாடு இங்கே செத்துப்போவதற்குக் காரணம் இதுதான்: கோணம் மாறாது என்ற நம்பிக்கையில் பிறந்தது அது. மூன்று மாடி இறக்கத்தில் கோணம் மாற நேரமில்லை. 430 மீட்டரில் வேண்டிய மட்டும் நேரம் இருக்கிறது.

கணக்கை வேறுவிதமாகப் பார்ப்போம். நல்ல தொழில்முறை அடி சமதரையில் 250 மீட்டர். எக்ஸ்ட்ரீம் 19இல் தேவைப்படுவது 361. அப்படியானால் 430 மீட்டர் வீழ்ச்சி முழுவதும் சேர்ந்து தர வேண்டியது வெறும் 110 மீட்டர்தான். நான்கு மீட்டர் விழுந்து ஒரு மீட்டர் முன்னேறும் கணக்கு.

இதில் ஒரு வேடிக்கை. அந்த 110இல் ஒரு பங்கைச் சுழற்சிதான் சம்பாதித்துக் கொடுக்கிறது. பந்து நேராக முன்னால் போகும்போது பின்சுழற்சி அதை மேலே தூக்கியது. பந்து கீழ்நோக்கித் திரும்பியதும், சுழற்சி அப்படியே இருக்க, விசையின் திசையும் கூடவே திரும்பிவிடுகிறது. இப்போது அது பந்தை முன்னால் தள்ளும். டாஸ்மேனியாவின் கோர்டன் அணை மேலிருந்து ஒரு கூடைப்பந்தைச் சும்மா கீழே விட்டார்கள், நேராக விழுந்தது. அடுத்ததைக் கொஞ்சம் பின்சுழற்சியோடு விட்டார்கள்; பாதி வழியில் யாரோ பிடித்து இழுத்ததுபோல் அணையை விட்டு விலகிப் பறந்தே போய்விட்டது. 2015இல் வெளியான அந்தக் காணொளியை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். ஹாங்லிப்பில் ஒவ்வொரு பந்தும் அதைத்தான் சிறிய அளவில் செய்கிறது.

பந்து தரையைத் தொட 30 நொடி ஆகும் என்று இந்தக் குழியைப் பற்றி எங்கு படித்தாலும் போட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் சந்தேகம். காற்றில்லாமல் 430 மீட்டர் விழ ஒன்பதரை நொடி போதும். வந்து மோதும் வேகம் மணிக்கு 330 கி.மீ. இருக்கும். காற்றில் அந்த வேகம் வராது. வேகம் கூடக்கூடத் தடையும் கூடி, ஒரு கட்டத்தில் எடையும் தடையும் சரிக்குச் சரி நின்றுவிடும். அதற்குமேல் வேகம் ஏறாது. இதைத்தான் பள்ளிப் புத்தகத்தில் முற்றுத் திசைவேகம் என்கிறார்கள். 46 கிராமுக்கு மிகாத, 43 மில்லிமீட்டர் அகலப் பந்துக்கு அது மணிக்கு 120 முதல் 160 கி.மீ.க்குள் இருக்கும். சமதரையில் ஒரு டிரைவர் அடி வானத்தில் இருப்பது ஆறரை நொடி. அதோடு இந்த வீழ்ச்சியைச் சேர்த்தால் 20 நொடியை ஒட்டித்தான் வருகிறது. 30 ஆக வேண்டுமானால் பந்து இறகு மாதிரி இறங்க வேண்டும். மலை விளிம்பில் நின்று, கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்ட பந்துக்காகக் காத்திருப்பவருக்கு 20 நொடி 30ஆகத் தோன்றியிருக்கலாம்.

20 நொடியே பெரிய தொல்லைதான். லேசான காற்று, நொடிக்கு ஐந்து மீட்டர், குறுக்கே வீசுகிறது என்று வையுங்கள். நேராக விழும் பந்தை அது தன்னோடு கூட்டிக்கொண்டு நடக்கும். பத்து நொடி நடந்தால் 50 மீட்டர். ஆப்பிரிக்காவைக் குறிவைத்தவரின் பந்து இந்தியப் பெருங்கடலில் விழுந்தாற்போல!

இவ்வளவு இறக்கம் இருக்கிற இடத்தில் ஏற்றமும் இருக்க வேண்டுமே, ஏற்றத்தில் அடிக்கும் பிரமாண்டக் குழி ஏன் பேசப்படுவதில்லை? ரேடார் அட்டவணையில் பதில் இருக்கிறது. டிரைவரோ வெட்ஜோ, எந்த மட்டையால் அடித்தாலும் தொழில்முறை ஆட்டக்காரரின் பந்து எட்டும் உச்சி சுமார் 30 மீட்டர். கூரை மாதிரி. கிரீன் அதற்கு மேலே இருந்தால் பந்து மலைச்சரிவில்தான் முட்டும். கீழே போவதற்கு எல்லையில்லை, மேலே போக உண்டு. அதனால் மைதானம் வகுப்பவர்கள் ஏற்றத்தை ஆட்டத்தில் வைக்காமல், ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் நடுவில், நடக்கும் வழியில் ஒளித்துவைக்கப் பார்ப்பார்கள். ஏறுவது கால்கள், இறங்குவது பந்து.

இறக்கம் இன்னொரு வழியிலும் தூரம் தரும். அமெரிக்காவின் அகஸ்டா நேஷனலில் பத்தாவது குழி டீயிலிருந்து கிரீனுக்குச் சுமார் 30 மீட்டர் சரிகிறது; தொலைக்காட்சியில் தட்டையாகத் தெரியும், நேரில் போனவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஹவாயின் மாவி தீவில் கபாலுவா மைதானம் இன்னும் மோசம். 2024 ஜனவரியில் மேக்ஸ் ஹோமா அங்கே ஏழாவது குழியில் அடித்த ஒரு அடி 477 யார்டு, அதாவது 436 மீட்டர் போயிற்று. அதே மைதானத்தில் 2004இல் டேவிஸ் லவ் அடித்த 476ஐ ஒரே யார்டில் முந்தியது. இவ்வளவும் பறந்து போன தூரமல்ல, பாதிக்கதை உருண்டது. குளத்தில் தவளைக்கல் விட்டவர்களுக்கு இது தெரியும். ஓட்டாஞ்சில்லைப் படுக்கையாக வீசினால் தத்தித் தத்திப் போகும். செங்குத்தாக விட்டால் பொளுக்கென்று மூழ்கும். பந்து 38 பாகையில் இறங்குகிறது. தரையும் அதே பக்கம் சில பாகை சரிகிறது. பந்துக்கும் தரைக்கும் நடுவிலுள்ள கோணம் சுருங்கிவிடுகிறது. தத்துகிறது, ஓடுகிறது, சரிவு தீரும்வரை நிற்பதில்லை.

கொடைக்கானலில் நண்பருக்கு நடந்ததற்கு வருகிறேன். அங்கே இறக்கத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் மேலே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தடை குறைகிறது. தூக்குவதும் அதே காற்றுதான் என்பதால் அதுவும் குறைகிறது. ஆகவே தூரம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடாது, பத்தில் ஒரு பங்கை ஒட்டிக் கூடும். ஆனால் தூக்கு குறைந்த பந்து படுத்தாற்போல் பறந்து, படுத்தாற்போலவே இறங்குகிறது. ஏணி சாய்கிறது. சென்னையில் பத்து மீட்டர் பள்ளம் தருவதைவிடக் கொடைக்கானலில் அதே பள்ளம் கொஞ்சம் கூடுதலாகவே தரும்.

இப்போதெல்லாம் கையடக்க லேசர் தூரமானிகள் சரிவையும் அளந்து, கழித்து, இத்தனை மீட்டருக்கு அடி என்று எண்ணைக் காட்டிவிடுகின்றன. தூரத்தை அளக்க கோல்ஃப் விதிகள் அனுமதிக்கின்றன. உயர வித்தியாசத்தைக் கருவியால் அளக்கக் கூடாது. கேடியிடம் கேட்டுக்கொள்ள மட்டும் தடையே இல்லை.

நண்பர் கேட்டுக்கொண்டார், ஆனால் ஏழாம் நம்பரைக் கீழே வைக்கவில்லை. அன்றைக்குப் பார்த்து அடி சுத்தமாகப் பட்டது. பந்து வெயிலில் ஒரு முறை மின்னியது, கிரீனுக்கு மேலாகவே போனது, பின்னாலிருந்த புதரில் சலசலப்புக் கேட்டது. "காத்துதான் இழுத்துட்டுப் போயிருச்சு" என்றார் நண்பர். இலை அசையவில்லை. பெரியவர் ஒன்றும் சொல்லாமல், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, புதரைப் பார்த்து இறங்க ஆரம்பித்திருந்தார்.